ஆட்டம் முடியட்டும்

ஜனவரி 9

அன்புள்ள தம்பிக்கு,

அண்ணன் சொல்கிறேன், பக்கத்து ஷெட் தையற்காரம்மா எழுதுகிறாள். எனக்கு எழுத்து வராது என்பது உனக்குத் தெரியாததா? இத்தனை வருஷம் உன் அண்ணிதான் எனக்குக் கை. இப்போது இவள். நாக்கு கூர் என்பதால் எல்லாரும் இவளை ஊசி என்று கூப்பிடுகிறோம். இதையும் எழுது என்றேன். முறைத்துக்கொண்டே எழுதுகிறாள்.

எனக்கு உடம்பு பரவாயில்லை. முழங்கால் மட்டும் படுத்துகிறது. நீ, உன் வீட்டுக்காரி, பெண் எல்லாரும் சுகந்தானே?

எங்களை விளையாட்டு மைதானத்துக்குள் வைத்திருக்கிறார்கள். பூமி ஆடினதில் கிழக்குக் கேலரி அப்படியே உட்கார்ந்துவிட்டது. புல்தரைக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்தப் புல்மேல் வரிசையாகத் தகர ஷெட். என்னுடையது கோல் கம்பத்தை ஒட்டி. கம்பத்துக்குக் கம்பம் கயிறு கட்டித் துணி காயப்போடுகிறோம். "நம்ம ஊர் டீம் போட்ட கோலைவிட என் சேலை போட்ட கோல்தான் ஜாஸ்தி" என்கிறாள் ஊசி.

வீட்டில் முன்னறை நின்றது. சமையலறைதான் போயிற்று. உன் அண்ணி அங்கே இருந்தாள். என் கட்டிலுக்கு ஒரு கால்கூட உடையவில்லை, அதில்தான் இப்போதும் படுக்கிறேன். ரொட்டிக்கடை அடுப்பும் தப்பிவிட்டது. முதலாளி வரச் சொல்கிறார், நான் போகவில்லை. விடிவதற்கு முன்னால் எழுப்ப ஆள் இல்லை.

நீ ஏன் வரவில்லை என்று யாரும் கேட்கவில்லை. நானாகவே "அவனுக்கு வேலை அதிகம்" என்று எல்லாரிடமும் சொல்லிவைத்தேன்.

உன் அண்ணன்


ஜனவரி 27

அன்புள்ள அண்ணாவுக்கு வணக்கம்.

கடிதம் கிடைத்தது. நாங்கள் மூவரும் நலம். உங்கள் முழங்காலுக்குத் தைலம் அனுப்புகிறேன், சூடுபறக்கத் தேய்க்கச் சொல்லுங்கள். எழுதித் தரும் அம்மாவுக்கும் என் நன்றியைச் சொல்லவும்.

எனக்கு இங்கே மறுசீரமைப்பு நிதி அலுவலகத்தில் விளம்பரப் பிரிவில் பொறுப்பு கொடுத்திருக்கிறார்கள். உங்கள் ஊருக்காக வந்த பணத்தில் எதை முதலில் கட்டுவது என்று மேலே பெரிய விவாதம் நடக்கிறது. வருகிற நவம்பரில் பெரிய போட்டி ஒன்று உங்கள் ஊர் அரங்கத்தில் நடப்பதாக முன்பே முடிவானது. அரங்கத்தை முதலில் சரிசெய்தால் வெளியூர்க்காரர்கள் வருவார்கள், கடைகள் திறக்கும், ஊருக்குத் தைரியம் வரும் என்று ஒரு சாரார். வீடுதான் முதலில் என்று இன்னொரு சாரார். இரண்டுக்கும் சேர்த்து இப்போது பணம் இல்லை.

நீங்கள் அங்கேயே இருப்பவர். அரங்கமா, வீடா? என்ன நினைக்கிறீர்கள் என்று எழுதச் சொல்லுங்கள். சாப்பாட்டில் அசட்டையாக இருக்காதீர்கள்.

அன்புத் தம்பி


பிப்ரவரி 6

அன்புள்ள தம்பிக்கு,

தைலம் வந்தது. பாதியை ஊசி தன் தோளுக்கு வாங்கிக்கொண்டாள், எழுதுகிற கூலி என்று. கால் தேவலை. பெண்ணுக்குப் பரீட்சை நேரம் அல்லவா, கண் விழிக்கவிடாதே.

அரங்கமா வீடா என்று கேட்கிறாய். இது கேட்கிற கேள்வியா? ஆனால் ஒன்று சொல்கிறேன். இன்னும் ஆடுகிறது. நேற்று ஆடியது, இன்று காலையிலும் ஆடியது. இதோ இப்போது சொல்லிக்கொண்டிருக்கும்போதே தகரம் கடகடவென்கிறது. ஊசி பேனாவை எடுத்துவிட்டு என் முகத்தைப் பார்க்கிறாள், நான் அவள் முகத்தைப் பார்க்கிறேன். கூரை என்ற பேச்சை எடுத்தாலே எல்லாரும் அண்ணாந்து பார்க்கிறோம். கல்லை வைத்துவிட்டுக் கையை எடுப்பதற்குள் மறுபடி ஆடினால் யார் உள்ளே போய்ப் படுப்பார்கள்? முதலில் ஆட்டம் முடியட்டும், வீடு அப்புறம். ஆடி ஓய்ந்த மறுநாளே கொத்தனாரை அனுப்பச் சொல். மழை பிடித்தால் இந்தத் தகரம் தாங்காது.

உன் கடிதத்தில் எல்லாரையும் விசாரித்திருக்கிறாய். அண்ணி என்ற சொல் மட்டும் இல்லை. குற்றமாகச் சொல்லவில்லை, ஊசி இரண்டாம் தடவை படித்தபோது பட்டது.

உன் அண்ணன்


பிப்ரவரி 17

அன்புள்ள அண்ணாவுக்கு வணக்கம்.

இங்கே அனைவரும் நலம். பெண் நன்றாக எழுதியிருக்கிறாள். உங்கள் கால்வலி குறைந்தது அறிந்து நிம்மதி.

ஆட்டம் சீக்கிரம் அடங்கிவிடும் அண்ணா, பயப்படாதீர்கள். பெரிய அதிர்ச்சிக்குப் பின் சில மாதம் இப்படித்தான் இருக்கும் என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்கிறார்கள்.

உங்கள் கடிதத்தை மேலதிகாரிக்குப் படித்துக் காட்டினேன். உங்கள் பேச்சு அவருக்கு மிகவும் பிடித்துவிட்டது. "நம்மால் யோசித்து யோசித்தும் எழுத வராதது, உங்க அண்ணன் போகிற போக்கில் சொல்லிட்டாரே" என்றார்.

வேலை அதிகமாக இருப்பதால் சுருக்கமாக முடிக்கிறேன்.

அன்புத் தம்பி


ஏப்ரல் 12

தம்பிக்கு,

சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை.

மைதானத்து வாசலில் பெரிய போர்டு வைத்திருக்கிறார்கள். எங்கள் வரிசையில் பெயிண்டர் ஒருவன், வயதான அம்மாவோடு இருக்கிறான். அவனுக்குத்தான் அந்த வேலை கிடைத்தது. கையில் காசு வந்ததே என்று நாங்கள் எல்லாரும் சந்தோஷப்பட்டோம். சாயங்காலம் பெயிண்ட் வாடையோடு என் ஷெட்டுக்கு வந்து நின்றான்.

"பெரியப்பா, கொஞ்சம் வெளியே வாங்க."

"என்னப்பா, மிச்ச பெயிண்ட் இருக்கா? என் தகரத்துக்கு அடிச்சு விடேன்."

"விளையாடாதீங்க. ஒவ்வொரு எழுத்தா அடிக்கும்போது ஒண்ணும் தோணலே. ஏணியை விட்டு இறங்கி, தள்ளி நின்னு படிச்சேன். இது நீங்க சொன்னதா?"

கையைப் பிடித்து வாசலுக்குக் கூட்டிப்போனான். எனக்கு எல்லாம் நீலக் கோடுதான். அவன்தான் விரலை வைத்து வைத்துப் படித்தான். "முதலில் ஆட்டம் முடியட்டும், வீடு அப்புறம்." அதன் கீழே, "எல்லாம் இழந்த ரொட்டிக்கடைப் பெரியவர்." பக்கத்தில் கால்பந்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒரு குழந்தை சிரிக்கிறது.

"இந்த ஊர்ல எல்லாத்தையும் இழந்த ரொட்டிக்கடைப் பெரியவர் எத்தனை பேர் பெரியப்பா?" என்று கேட்டான்.

சொன்னது நான்தான் என்றேன். வேறு எப்படிச் சொல்வது? வார்த்தை ஒன்றுகூட மாறவில்லை. அதற்குள் கூட்டம் கூடிவிட்டது. ஊசி இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "எழுதினவ நான், எனக்குத் தெரியும், அவர் பூமி ஆடறதைச் சொன்னாரு" என்று கத்தினாள். "அப்ப பந்து எதுக்கு?" என்று ஒருவன் கேட்டான்.

மறுநாள் காகிதம் வந்தது. அரங்கம்தான் முதலில். மைதானத்தைக் காலி செய்து, ஊருக்கு வெளியே லாரி நிறுத்தும் இடத்துக்கு ஷெட்டை மாற்றப்போகிறார்களாம்.

என் பேச்சு அங்கே எப்படிப் போயிற்று என்று எழுது.

அண்ணன்


ஏப்ரல் 29

அன்புள்ள அண்ணாவுக்கு வணக்கம்.

இங்கே நலம். உங்களுக்கு ஒரு கம்பளியும் சளி மருந்தும் அனுப்பியிருக்கிறேன். புதிய இடம் காற்றோட்டமாக இருக்கும் என்று கேள்விப்பட்டேன். தண்ணீரைக் காய்ச்சிக் குடியுங்கள்.

எங்கள் பெண்ணுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டது. உங்கள் ஆசீர்வாதம். எனக்கும் ஆபீஸில் தனி அறை கொடுத்திருக்கிறார்கள்.

அரங்கம் முடிந்ததும் உடனே வீடுதான் என்று மேலே உறுதியாகச் சொல்கிறார்கள். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்புத் தம்பி


மே 10

தம்பிக்கு,

கம்பளி வந்தது, மருந்தும் வந்தது. நான் கேட்டதற்குப் பதில் மட்டும் பார்சலில் இல்லை. ஊசி பெட்டியைக் கவிழ்த்துத் தட்டிக்கூடப் பார்த்தாள்.

எனக்குப் படிக்கத் தெரியாது. அதனால் காதில் விழுந்தது வெளியே போவதில்லை. நீ பிப்ரவரியில் எழுதியதை ஊசி ஒரே தடவைதான் படித்தாள். "ஆட்டம் சீக்கிரம் அடங்கிவிடும் அண்ணா, பயப்படாதீர்கள்." ஆட்டம் என்றால் என்ன என்று அன்றைக்கு உனக்குத் தெரிந்திருந்தது. இதற்குமேல் நான் கேட்கப்போவதில்லை.

என் ஆட்டம் எது என்று சொல்கிறேன், கேட்டுக்கொள். ரொட்டிக்கடைக்காரன் ஊருக்கு முந்தி எழவேண்டும். உன் அண்ணி வந்து கட்டில் காலைப் பிடித்து ஆட்டுவாள். பேசமாட்டாள், தொடமாட்டாள், ஆட்டுவாள். கல்யாணமான நாள் முதல் அப்படித்தான். நீ அப்போது சின்னப் பையன், எங்களோடுதானே இருந்தாய்? உன்னைப் பள்ளிக்கூடத்துக்கு எழுப்பவும் அதே ஆட்டந்தானே?

அன்று கடைக்கு லீவு. கட்டில் ஆடியது. கண்ணைத் திறக்காமலே, "இன்னிக்கு லீவுடி, ஆட்டாதே" என்றேன். மறுபடி ஆடியது. "சொன்னா கேக்கமாட்டியா" என்று புரண்டு படுத்தேன். அப்புறம்தான் சமையலறைப் பக்கம் சத்தம்.

ஊசி எழுதுவதை நிறுத்திவிட்டாள். எழுதம்மா.

பூமி ஆடி ஓய்ந்து மாதம் ஒன்றுக்கு மேல் ஆகிறது. கேட்டால் எல்லாரும் அப்படித்தான் சொல்கிறார்கள். என் கட்டில் ஓயவில்லை. விடிகிற நேரத்துக்குச் சரியாக ஆடுகிறது. தகரம் சத்தம் போடவில்லை, குடத்துத் தண்ணீர் அசையவில்லை, கட்டில் மட்டும் ஆடுகிறது. பயம் இல்லை. பதில் சொல்லத்தான் வாய் வரவில்லை.

அண்ணன்


ஜூலை 23

தம்பிக்கு,

சுகமா? உன்னிடமிருந்து கடிதம் இல்லை. ஊசி தபால்காரரை வழிமறித்துப் பையைக் கொட்டிக் காட்டச் சொல்கிறாள். பாவம், அவர் இப்போது வேறு வழியாகச் சுற்றிப் போகிறார்.

எங்களை லாரிக் கொட்டடிக்கு மாற்றிவிட்டார்கள். கீழே மண் இல்லை, எண்ணெய் ஊறின கருப்புச் சேறு. மழை பிடித்துக்கொண்டது. தகரத்துக்கு மேலே ஒரு மழை, உள்ளே ஒரு மழை. செருப்பு மிதந்து அடுத்த ஷெட்டுக்குப் போய்விடுகிறது, காலையில் அவரவர் ஜோடியைத் தேடி எடுத்துக்கொள்கிறோம்.

எனக்குப் புதுப் பெயர் வைத்திருக்கிறார்கள். "என்ன ஆட்டக்காரரே, ஆட்டம் எப்ப முடியும்?" என்று குழாயடியில் கேட்கிறார்கள். முதலில் சிரித்துக்கொண்டு கேட்டார்கள்.

பெயிண்டரின் அம்மா போய்விட்டாள். நெஞ்சில் சளி கட்டி, ஈரத்திலேயே கிடந்து, இழுத்துக்கொண்டிருந்தாள். உன் கம்பளியை அவளுக்குத்தான் போர்த்தினேன். தூக்கும்போது நானும் போய் நின்றேன். பெயிண்டர் கம்பளியை மடித்து என் கையில் கொடுத்தான். "எத்தனை பேர் பெரியப்பா" என்று கேட்டானே, அவ்வளவுதான் அவன் என்னிடம் கடைசியாகப் பேசியது.

நான் ரொட்டிக்கடைக்குப் போக ஆரம்பித்துவிட்டேன். கட்டில் எழுப்பிவிடுகிறது.

அண்ணன்


அக்டோபர் 8

அன்புள்ள அண்ணாவுக்கு வணக்கம்.

நலம். நீண்ட நாளாக எழுத முடியவில்லை, மன்னிக்கவும்.

நவம்பர் மாதம் அரங்கம் திறக்கிறது. ஷெட்டில் இருக்கும் அனைவருக்கும் புதிய கிழக்குக் கேலரியில் இலவச இடம். பஸ் வந்து கூட்டிப்போகும். உங்களுக்கு முன்வரிசை என்று நானே எழுதிக் கொடுத்திருக்கிறேன். நானும் வருகிறேன்.

மற்றதை நேரில் பேசிக்கொள்ளலாம். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தம்பி


நவம்பர் 19

அன்புள்ள தம்பிக்கு,

பத்திரமாக ஊர் போய்ச் சேர்ந்திருப்பாய். வீட்டில் எல்லாரையும் விசாரித்தேன் என்று சொல்.

நீ வந்திருந்தாய், பார்த்தேன். ஆனால் கூரை போட்ட விருந்தினர் பக்கத்திலிருந்து எங்கள் பக்கம் என்ன தெரிந்திருக்குமோ. அதனால் சொல்கிறேன்.

போவதா வேண்டாமா என்று கொட்டடியில் ஒரே சண்டை. "கவர்ன்மெண்டு காட்டற படத்தைப் பாக்கவா போறேன்? காய்ஞ்ச இடத்திலே உக்காந்து நாளாச்சு. நாற்காலிக்காகப் போறேன்" என்றாள் ஊசி. அதைக் கேட்டு எல்லாரும் கிளம்பிவிட்டார்கள். புதுக் கேலரி நன்றாகத்தான் இருந்தது. ஈரம் இல்லை. பிள்ளைகள் சுவரைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். பெயிண்டர் எனக்கு இரண்டு வரிசை பின்னால் உட்கார்ந்தான்.

முதல் கோல் விழுந்தது. வெளியூர் ஜனங்கள் எங்களுக்கு மேல் தட்டில் இருந்தார்கள். ஆனந்தத்தில் எல்லாரும் சேர்ந்து காலால் மிதித்தார்கள். திம், திம், திம். கேலரி ஆடியது.

கத்தல் இல்லை, அழுகை இல்லை. எங்கள் ஜனம் முழுக்க ஒரே ஆளைப்போல எழுந்தது. பிள்ளையைத் தூக்கியவர்கள், பிள்ளையைத் தள்ளியவர்கள், செருப்பை விட்டவர்கள், எல்லாரும் படியில் இறங்கி வேலியைத் தாண்டிப் புல்தரையில் நின்றார்கள். அதில் ஒன்றைக் கவனித்தாயா? அவரவர் பழைய ஷெட் இருந்த இடத்தில் போய் நின்றார்கள். யாரும் சொல்லவில்லை. புல்லில் அடையாளம் ஒன்றும் இல்லை. கால் தானாகப் போய் நின்றது. ஊசி கோலுக்கு முன்னால், துணிக்கயிறு இருந்த இடத்தில். கோல்கீப்பர் அவளிடம், "அம்மா, இது ஆட்டம் நடக்கிற இடம்" என்றான். "எனக்குத் தெரியும் ராசா" என்றாளாம்.

நான் ஓடவில்லை. முழங்கால்தான் காரணம் என்று வைத்துக்கொள். கீழே ஆடிக்கொண்டே இருந்தது. அதே ஆட்டம், தொடாமல், பேசாமல். ஒரு வருஷமாக வராத வாய் வந்தது. "இன்னிக்கு லீவு இல்லேடி. எழுந்துட்டேன்" என்றேன். எழுந்தேன். படி இறங்கினேன். வேலி தாண்ட முடியாமல் நின்றபோது ஒரு கை நீண்டது. பெயிண்டர். அவனுடைய இடம் மைதானத்தின் அந்தக் கோடியில். அங்கே போய் நின்றுவிட்டு, எனக்காகத் திரும்பி வந்திருந்தான்.

"மெதுவா பெரியப்பா" என்றான்.

கம்பத்துக்குப் பக்கத்தில் போய் நின்றேன். எழுவதற்கு முன்பே உன்னைப் பார்த்திருந்தேன். கோலுக்காக நீ கைதட்டிக்கொண்டிருந்தாய். உனக்கு அந்த ஆட்டம் தெரியாதல்லவா? எங்களைப் பார்த்ததும் உன் கை பாதியில் நின்றது. அப்புறம் நீ கையைத் தொங்கவிடவும் இல்லை, தட்டவும் இல்லை. அப்படியே வைத்துக்கொண்டு நின்றாய். சின்ன வயதில் அண்ணி கையில் அடிபடப்போகிறபோது அப்படித்தான் நிற்பாய்.

நடுவர் ஊதி ஊதிப் பார்த்தார். போலீஸ் வந்து கெஞ்சியது. இருட்டும்வரை யாரும் அசையவில்லை. பந்தை எடுத்துக்கொண்டு ஆட்டக்காரர்கள் உள்ளே போனார்கள். எங்கள் பஸ்ஸைத் தேடி நீ வருவாய் என்று பார்த்தேன்.

என்னை இப்போது யாரும் ஆட்டக்காரர் என்று கூப்பிடுவதில்லை. ஆட்டம் முடிந்துவிட்டது தம்பி. இனி வீடு. இதையும் மேலதிகாரிக்குப் படித்துக் காட்டு.

உன் அண்ணன்


டிசம்பர் 3

அண்ணா,

எல்லாரும் சுகம். உங்கள் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். முழுதாக, ஒரு வரி விடாமல். அவர் அதை என் கையிலிருந்து வாங்கி வைத்துக்கொண்டார்.

இன்ஜினியர்கள் கேலரியைச் சோதித்தார்கள். கட்டுமானத்தில் குறை இல்லையாம். ஆனாலும் மீதிப் போட்டிகள் வேறு ஊருக்குப் போய்விட்டன. மேல்தட்டில் மீதியிருந்த வேலையை நிறுத்தியிருக்கிறார்கள். வீட்டு ஃபைல் மேஜைக்கு வந்திருக்கிறது. அடுத்த வாரம் பழைய தெருவை அளக்க ஆள் வருவார்கள். போர்டை இறக்கச் சொல்லி நான் எழுதியிருக்கிறேன்.

அன்று உங்களைப் பார்க்காமல் வந்துவிட்டேன். பஸ் நிற்கும் இடம்வரை வந்தேன்.

அண்ணி சமையலறையில் எந்தப் பக்கம் இருந்தார்கள் அண்ணா? அன்று லீவுதானே, ஏன் அவ்வளவு சீக்கிரம் எழுந்தார்கள்?

நான் வரலாமா?

தம்பி


டிசம்பர் 14

அன்புள்ள தம்பிக்கு,

தெருவை அளந்துவிட்டார்கள். முளை அடித்துக் கயிறு கட்டியிருக்கிறது. சமையலறை எங்கே வரவேண்டும் என்று என்னைக் கேட்டார்கள். இருந்த இடத்திலேயே என்றேன். போர்டைப் பெயிண்டரே இறக்கினான். பின்பக்கம் நல்ல பலகை என்று ஊசி தையல் மேஜைக்கு எடுத்துக்கொண்டாள். உன் வரிமேல்தான் இந்தக் கடிதம் எழுதப்படுகிறது.

நீ கேட்டதற்குச் சொல்கிறேன். ஜன்னலோரம், விளக்குக்கு அடியில். உனக்குக் கடிதம் எழுத உட்கார்ந்திருந்தாள். லீவு நாளில்தானே நாங்கள் உனக்கு எழுதுவது? நான் எழுவதற்கு முன்பே, அன்புள்ள தம்பிக்கு, சுகமா, பெண் சுகமா, வீட்டில் சுகமா என்று அந்தப் பகுதியை முழுக்க அவளே எழுதி முடித்துவிடுவாள். "உங்க அண்ணன் தம்பி சமாசாரத்தை நீங்க சொல்லுங்க" என்று கேட்கத்தான் வந்து கட்டிலை ஆட்டுவாள். அன்றும் அதற்குத்தான் ஆட்டுகிறாள் என்று நினைத்தேன். இவ்வளவுநாள் உன்னிடம் இதைச் சொல்லவில்லை. நீ கேட்கவில்லை, நானும் விட்டுவிட்டேன்.

மைதானத்தில் எழுந்துவிட்டேன் என்று சொன்னேன் அல்லவா, அன்றிலிருந்து கட்டில் ஆடவில்லை. நானே விழித்துக்கொண்டு காத்துக் கிடக்கிறேன். சொல்லாமலே இருந்திருக்கலாமோ என்றுகூடத் தோன்றுகிறது.

வரலாமா என்று கேட்கிறாயே, இது உன் வீடு இல்லையா? முதல் பஸ்ஸில் வா. ஷெட்டுக்குக் கதவு கிடையாது. நான் தூங்கிக்கொண்டிருந்தால் அண்ணா என்று கூப்பிடு, எழுந்துவிடுவேன். கட்டிலை மட்டும் ஆட்டாதே.

உன் அண்ணன்